தரைக்குக் கீழே ஒரு தரை

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். என் கைப்பேசிக்குத்தான் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. இந்த மலையில் வீடு திருத்தும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் யாராவது ஒருவர் அடிக்கடி கூப்பிடுகிறீர்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அண்ணே, நான் ஒரே ஒரு ஓட்டைதான் போட்டேன். இப்ப மொத்த வீட்டையும் என் தலையில கட்டுறாங்க. யாரு பொறுப்பு?"

நான் வக்கீல் இல்லை. ஆனாலும் பதில் சொல்கிறேன். கேட்டுவிட்டு "சரிண்ணே" என்கிறீர்கள். அடுத்த மாதம் இன்னொருவர் அதே கேள்வியோடு வருகிறார். அலுத்துவிட்டது. அதனால் லெட்சுமி அக்கா வீட்டில் நடந்ததை ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். இனி யார் கேட்டாலும் இதைப் படி என்று சொல்லிவிட்டுத் தோட்டத்தில் முள்ளங்கி பிடுங்கப் போய்விடுவேன்.

லெட்சுமி அக்கா தேயிலைத் தோட்டத்துக்காரர். இளவயதில் கொழுந்து எடுத்தார். பிறகு தொழிற்சாலைக்குள் தூள் சலிக்கும் இடத்தில் வேலை. இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகியவர் என்பதால், நல்ல விதமாகப் பேசினாலும் சண்டை பிடிப்பது போலத்தான் கேட்கும். கணவர் காலமாகிவிட்டார். அக்காவுக்கு வேலை ஓய்வு வந்ததும் தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை. சேமநிதியில் இருந்ததை எல்லாம் எடுத்து, பிரிஞ்சாங் ஓரத்தில் ஒரு பழைய வரிசை வீட்டை வாங்கினார். மகன் பிரகாஷ் டவுனில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தான். அவன் பெயரிலும் கொஞ்சம் வங்கிக் கடன். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக ஒரு சொந்த வீடு.

வீடு பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. புதுப் பெயிண்ட். சமையலறைத் தரையில் பளபளக்கும் வெள்ளை மார்பிள் ஓடுகள். விற்றவர் தேவராஜ் என்ற பூ, காய்கறி வியாபாரி. வேலையாட்களைத் தங்க வைத்திருந்த வீட்டைப் புதுப்பித்து விற்றுவிட்டு ஈப்போவுக்குக் குடிபோய்விட்டார்.

என்னைக் கூப்பிட்டது மிகச் சின்ன வேலைக்கு. சமையலறைப் பின்சுவரில் அலமாரி மாட்ட வேண்டும், அடுப்பு வைக்க மேடை கட்ட வேண்டும். அந்த வாரமே வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். தோட்டமே திரண்டு வரப்போகிறது.

வீட்டுக்குப் பின்னால் மலையை வெட்டிய சரிவு. அதற்கு மேலே காய்கறித் தோட்டங்கள். மேலிருந்து வரும் தண்ணீர் எல்லா வீட்டுக்கும் பின்னால் ஓடும் கால்வாயில்தான் இறங்க வேண்டும். இந்த வீட்டில் மட்டும் கால்வாயைக் காணவில்லை. யாரோ எந்தக் காலத்திலோ சமையலறையைப் பின்னுக்கு இழுத்து, கால்வாய்க்கு மேலேயே கட்டியிருந்தார்கள். இந்த மலையில் இது அதிசயம் இல்லை. கால்வாய் கீழே ஒழுங்காக ஓடினால் சரி என்று நினைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

முதல் துளை போட்டேன். செங்கல்லில் போகும்போது கையில் ஓர் எதிர்ப்பு தெரியும் இல்லையா? அது தெரியவில்லை. ஈர மண்ணில் குச்சி இறங்குவது போல உள்ளே போய்விட்டது. துளைப்பானை வெளியே எடுத்ததும் காபி நிறத்தில் தண்ணீர் ஒழுகியது. புதுப் பெயிண்டில் கோடு போட்டுக்கொண்டு கீழே இறங்கியது.

பிரகாஷ் அங்கேயே நின்றிருந்தான். "அங்கிள், என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல தம்பி. ஓட்டை போட்டேன்."

"நேத்து வரைக்கும் வீடு நல்லாத்தானே இருந்துச்சு? நீங்க ட்ரில் போட்டதும்தான் தண்ணி வருது."

"தண்ணிய நான் கொண்டு வரல. அது ஏற்கெனவே அங்கதான் இருந்துச்சு."

"அது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

எரிச்சல் மூட்டும் கேள்வி. ஆனால் நியாயமான கேள்வி. இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வீட்டைக் கடைசியாகத் தொட்டவன் மேல்தான் முதல் பழி விழும். அந்த நேரத்தில் உங்கள் வாய் சண்டைக்குப் போகத் துடிக்கும். வேண்டாம். வேலையை நிறுத்துங்கள், இன்னொரு ஓட்டை போடாதீர்கள், போட்ட ஓட்டையை அடைக்கவும் அடைக்காதீர்கள். சிமெண்டு எடுத்து அந்தத் துளையை நான் அப்போதே பூசியிருந்தால், பழி பூச்சோடு சேர்ந்து என் கையிலும் ஒட்டியிருக்கும்.

குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தேன். வாசல் பக்கம் நல்ல சத்தம். பின்சுவர் பக்கம் போகப் போக வெறும் டப்பாவைத் தட்டுவது போல இருந்தது. அக்காவைக் கூப்பிட்டு, ஒரு மார்பிளை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். கடைசியில், அடுப்பு மேடை மறைக்கப்போகும் மூலையில் ஒன்று, கதவோரம் ஒன்று என்று சம்மதித்தார்.

கதவோரத்தில் மார்பிளுக்குக் கீழே விரல் கனத்துக்குச் சிமெண்டு. அதற்குக் கீழே பழைய சிவப்பு மார்பிள். சரி. பின்சுவர் மூலையில் உடைத்தால், சிமெண்டு போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு சாண் ஆழத்துக்குப் பிறகுதான் அதே பழைய சிவப்பு மார்பிள், அதுவும் விரிசல் விட்டு, சுவர்ப் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

புரிகிறதா? பழைய தரை பின்பக்கமாக இறங்கிப்போயிருக்கிறது. யாரோ அதைப் பார்த்திருக்கிறார்கள். ஏன் இறங்கியது என்று தோண்டிப் பார்க்காமல், பள்ளத்தைச் சிமெண்டால் நிரப்பிச் சமம் செய்து, மேலே புது மார்பிள் ஒட்டிவிட்டார்கள். இறங்குகிற தரைக்கு மேலே இன்னும் பாரம் ஏற்றியிருக்கிறார்கள்! எனக்கு அந்த இடத்திலேயே யாரையாவது பிடித்து அறைய வேண்டும் போல இருந்தது.

விரிசலில் ஓர் இரும்புக் கம்பியை விட்டுப் பார்த்தேன். கம்பி கையை விட்டு நழுவி உள்ளே போனது. கீழே 'களுக்' என்று தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"அக்கா," என்றேன், "இனி யாரும் இந்தக் குசினிக்குள்ள வரக்கூடாது."

"என்ன தம்பி சொல்ற? வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுறோம். ஐயருக்கு சொல்லியாச்சு. ஆளுங்களுக்கு சொல்லியாச்சு."

"அடியில மண்ணு இல்லக்கா. தண்ணி அரிச்சிட்டுப் போயிருக்கு."

"இவ்வளவு நாள் விழாதது வெள்ளிக்கிழமைதான் விழப்போவுதா? ரெண்டு மார்பிளையும் ஒட்டி மூடிட்டுப் போ. விசேஷம் முடியட்டும். அப்புறம் நீ எதை வேணும்னாலும் உடை."

இந்தப் பேச்சை நீங்கள் எல்லோரும் ஒரு நாள் கேட்கப்போகிறீர்கள். விசேஷம் முடியட்டும், தீபாவளி முடியட்டும், மாமியார் வந்து போகட்டும். கேட்பவர் கெட்டவர் அல்ல. வாழ்நாளில் முதல் முறையாகத் தன் சொந்த அடுப்பில் பால் பொங்குவதைப் பார்க்க ஆசைப்பட்ட ஒரு பெண் கேட்டார். எனக்கும் மனசு இளகத்தான் செய்தது. ஆனால் நான் நினைத்துப் பார்த்தது வேறு. மழைக்காலம். நடுவில் எரியும் அடுப்பு, பக்கத்தில் கேஸ் சிலிண்டர், சுற்றி நெருக்கியடித்து நிற்கும் சனம், அவர்கள் கையில் பிள்ளைகள். எல்லோரும் பால் பொங்குவதைப் பார்க்க ஒரே நேரத்தில் பின்சுவர்ப் பக்கம்தான் நகர்வார்கள்.

"மூட மாட்டேன்க்கா."

"அப்ப வேற ஆளைக் கூப்பிடுறேன்." என் முன்னாலேயே தானா ராத்தாவில் இருக்கும் இன்னொரு குத்தகையாளருக்குப் போன் போட்டார். நல்ல வேளை, அந்த மனிதருக்கு அந்த வாரம் நேரம் இல்லை.

பிரகாஷுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. "இங்க பாருங்க அங்கிள், நான் நிக்கிறேன், ஒண்ணும் ஆகல" என்று அந்த மூலைக்குப் போய்க் காலை ஊன்றினான். நான் கத்திக்கொண்டு ஓடி, அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சட்டைப் பொத்தான் தெறித்தது. அவன் திட்டவில்லை. கால் வைத்த இடம் லேசாக ஆடியதை அவனே உணர்ந்துவிட்டான்.

லாரியிலிருந்து பலகை எடுத்து வந்து, சமையலறைக் கதவின் குறுக்கே அடித்தேன். பலகையைப் பிடித்துக்கொண்டது பிரகாஷ்தான். அக்கா வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி, "என் வீட்டுக் கதவுலயே ஆணி அடிக்கிறான் பாரு!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்தவர் வீட்டுக் கதவில் ஆணி அடிக்க எனக்கு என்ன உரிமை என்று கேட்டால், தெரியாது. அன்றைக்கு அது எனக்கு இரண்டாவது கவலையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. கொட்டுகிற மழை. வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் செங்கல் அடுக்கி, காற்றுக்குத் தகரம் பிடித்து, ஒரு வழியாகப் பால் பொங்கியது. நானும் போயிருந்தேன். போகாமல் இருந்தால் பயந்து ஒளிந்துகொண்டான் என்பார்கள். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அவருடைய தம்பி ஒருவர், கையில் சாப்பாட்டுத் தட்டோடு வந்து, பலகை அடித்த கதவைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"என்ன கண்ட்ராக்டர், இன்னும் விழலையே?"

"விழலைங்க."

"எப்ப விழும்?"

"அது என்கிட்ட சொல்லிட்டு விழாதுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேலையைப் பெரிதாக்கிச் சம்பாதிக்கப் பார்க்கிறான் என்று ஒருவர் காதுபடவே சொன்னார். தரை அன்று விழவில்லை. அதுதான் இந்தத் தொழிலின் கொடுமை. விழுந்தால் 'ஏன் முன்னாலேயே சொல்லவில்லை' என்பார்கள். விழாவிட்டால் 'சும்மா பயமுறுத்தினான்' என்பார்கள். கைதட்டலை எதிர்பார்த்து ஒரு கதவை அடைக்காதீர்கள். கிடைக்காது. நான் தலையைக் குனிந்து சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். சாம்பார் நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

விருந்தினர் போன மறுநாள், கதவுப் பக்கம் இருந்து ஆரம்பித்து, பலகை போட்டு அதன் மேல் உட்கார்ந்து, நானும் என் ஆட்களும் தரையைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து எடுத்தோம். அடியில் ஓர் ஆள் குனிந்து உட்காரக்கூடிய பொந்து. கால்வாய் எப்போதோ உடைந்து, தண்ணீர் மண்ணை வாரிக்கொண்டு போயிருந்தது. பின்சுவரின் அடிப்பாகம் கிட்டத்தட்ட எதன் மேலும் நிற்கவில்லை.

அக்கா கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். கத்தவில்லை. அப்படியே முன்கூடத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "லயத்து வீட்டுல ஒழுகுனா ஆபீசு கிராணிகிட்ட போய் சொல்லுவோம் தம்பி. ஒரு வாரம் கழிச்சாவது ஆள் வரும். இப்ப இது என் வீடு. இத நான் யாருகிட்ட போய் சொல்றது?"

நான் பலகையை மறுபடியும் கதவின் குறுக்கே சாய்த்து வைத்தேன்.

பிறகுதான் ஆளாளுக்குக் கை காட்டும் கூத்து ஆரம்பித்தது. பிரகாஷ் தேவராஜுக்குப் போன் போட்டான். "பார்த்துட்டுத்தானே வாங்குனீங்க? நான் குடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. உங்க கண்ட்ராக்டர் என்ன உடைச்சாரோ, அவரையே கேளுங்க லா" என்று வைத்துவிட்டார். வீடு காட்டிய தரகர், தரைக்குக் கீழே பார்ப்பது தன் வேலை இல்லை என்றார். பிரகாஷ் மறுபடியும் என்னைப் பார்த்தான். சட்டையைப் பிடித்து இழுத்ததற்கு நன்றி, ஆனால் வீட்டை உடைத்ததற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்கிற மாதிரியான பார்வை.

ஈப்போவில் ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்தார்கள். நானும் கூடப் போனேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். புது வீட்டுக்கு, கட்டிய நிறுவனம் குறிப்பிட்ட காலம் பொறுப்பு ஏற்கும். பழைய வீட்டை ஒருவரிடமிருந்து உள்ளது உள்ளபடி வாங்கினால் அந்த வசதி கிடையாது. விற்றவருக்கே தெரியாத குறை என்றால் மல்லுக்கட்டுவது சிரமம். தெரிந்தே மறைத்திருந்தால் அது வேறு கதை.

தெரிந்திருந்தது என்று யார் சொல்வது? தரை சொன்னது. ஒரு பக்கம் விரல் கனம், மறுபக்கம் சாண் கனம் இருக்கும் சிமெண்டைப் போட்டவனுக்குச் சரிவு தெரியாமல் இருக்க முடியாது. அதனால்தான் உடைத்தபோது இரண்டு ஓரத்தையும் அப்படியே விட்டுவைத்து, பிரகாஷைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் கையாலேயே அளந்து பார்க்கட்டும் என்று.

தேவராஜுக்கு யார் மார்பிள் ஒட்டுவது என்பது பிரிஞ்சாங்கில் எல்லோருக்கும் தெரியும். குணா. உங்களைப் போல இளைஞன், சொந்தமாகக் குத்தகை எடுக்க ஆரம்பித்திருந்தான். லெம்பா பெர்த்தாமில் ஒரு காய்கறிக் கொட்டகைக்குத் தரை போட்டுக்கொண்டிருந்த இடத்தில் போய்ப் பிடித்தேன்.

"அந்த வீட்டுக் குசினி நீ போட்டதுதானே?"

முதலில் ஞாபகம் இல்லை என்றான். பிறகு, "தவுக்கே என்ன சொன்னாரோ அதத்தான் அண்ணே செஞ்சேன்" என்றான். தவுக்கே என்றால் முதலாளி தேவராஜ்.

"தரை இறங்கியிருந்தது உனக்குத் தெரியும்."

"தெரியும். தோண்டிப் பாக்கணும்னு சொன்னேன். 'விக்கப்போற வீடு, எதுக்குத் தோண்டணும், சமமா பண்ணு'ன்னு சொல்லிட்டாரு. நான் வேலைக்காரன்தானே அண்ணே. என்ன பண்ண முடியும்?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "நீ வேலைக்காரன் இல்லடா. கண்ட்ராக்டர்னு கார்டு அடிச்சு வச்சிருக்கல்ல? லாரியில பேர் எழுதி வச்சிருக்கல்ல? நல்லா இருக்கும்போது கண்ட்ராக்டர், மாட்டிக்கிட்டா வேலைக்காரனா? நீ வாய மூடிக்கிட்டு இருந்தா, தெரிஞ்சே மூடினவன் நீ ஒருத்தன்தான். வாயத் திறந்தா, மூடச் சொன்னவனும் வருவான். யோசிச்சுக்க."

"தவுக்கே வேலை குடுக்கலைன்னா என் வீட்டுல அடுப்பு எரியாது அண்ணே."

"அந்த அக்கா வீட்டுல அடுப்பு வைக்கத் தரையே இல்லடா. ஒரு தடவை வந்து பாரு. அப்புறம் உன் இஷ்டம்."

வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டொரு நாளில் வந்தான். நான் அவனை யார் என்று அறிமுகப்படுத்தவில்லை. என்னோடு வேலை செய்கிறவன் என்று நினைத்து அக்கா பிளாஸ்க்கிலிருந்து அவனுக்கும் டீ கொடுத்தார். அவன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, பொந்தின் ஓரத்தில் குனிந்து உள்ளே பார்த்தான். பிறகு திரும்பி, "அக்கா, இந்தத் தரைய நான்தான் போட்டேன்" என்றான்.

தெருவே கூடப்போகிறது என்று நினைத்தேன். அக்காவின் குரல் எனக்குத் தெரியும். ஆனால் அவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "டீயக் குடி. ஆறிடும். குடிச்சிட்டு முழுசா சொல்லு" என்றார்.

வக்கீல் அம்மா கூப்பிட்டதில் தேவராஜ் ஒரு நாள் ஈப்போவிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்தார். குணா அங்கே நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஆனாலும் குணா சொல்லிவிட்டான். "தரை இறங்குதுன்னு நான் சொன்னேன் தவுக்கே. நீங்கதான் மூடச் சொன்னீங்க."

தேவராஜ் கோபத்தில் அவசரப்பட்டார். "கொஞ்சம்தானே இறங்கியிருந்துச்சு? அதத்தான் சமமா பண்ணிக் குடுத்தேனே!"

தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கே பிறகுதான் உறைத்தது. அக்கா மெதுவாகக் கேட்டார். "அப்ப தெரிஞ்சுதான் எங்களுக்குக் குடுத்தீங்க?"

அதோடு எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். வக்கீல்களுக்குள் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. மழைக்காலம் முழுவதும் அக்கா லயத்து வீட்டிலேயே இருந்தார். காலி செய்யச் சொல்லித் தோட்டத்து மேனேஜர் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் வழக்கு வரைக்கும் போகாமல், கால்வாயையும் தரையையும் சுவரின் அடிப்பாகத்தையும் சரிசெய்யும் செலவைத் தேவராஜ் ஏற்றுக்கொண்டார். குணா தன் கூலியை விட்டுக்கொடுத்து வேலை செய்தான். நான் மேற்பார்வை. ஒரு தடவை அவன் மண்ணைச் சரியாக இடித்து இறுக்காமல் விட்டதைப் பார்த்து, முழுவதையும் அள்ளிப் போட்டு மறுபடி செய்ய வைத்தேன். பிரகாஷ் என்னிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. டவுனில் பார்த்தால் "அங்கிள்" என்று கை தூக்குவான், அவ்வளவுதான்.

தரை காய்ந்த பிறகு அக்காவைப் பார்க்கப் போனேன். "அலமாரி எப்ப மாட்டலாம்க்கா?"

"அத குணாகிட்ட குடுத்துட்டேன் தம்பி."

"யாருகிட்ட?"

"குணாகிட்ட. அவன் ஒரு தடவை நல்லா மாட்டிக்கிட்டான், இனி ஜென்மத்துக்கும் பயந்து வேலை செய்வான். நீ வேணாம்பா. ஒரு ஆணி அடிக்க வந்தா நீ வீட்டையே பேத்துடுவ. எனக்கு இனி தெம்பு இல்ல."

இதற்கு நான் என்ன சொல்ல? எத்தனை வருட அனுபவம், எத்தனை சண்டை, எத்தனை பேச்சு வாங்கினேன்! பொந்தை மூடியவனுக்கு வேலை, பொந்தைக் கண்டுபிடித்தவனுக்கு டீ. அதையும் குடித்துவிட்டு, வழி முழுக்கப் புலம்பிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை குணா கூப்பிட்டான். "அண்ணே, அக்கா வீட்டுலதான் இருக்கேன். இடது பக்கச் சுவர்ல கொஞ்சம் ஈரம் தெரியுது. ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போறீங்களா?"

"அது உன் வேலைடா. எனக்கு என்ன?"

"தெரியும் அண்ணே. அக்கா மாட்டச் சொல்லி சத்தம் போடுறாங்க. நான் இன்னும் ட்ரில்ல கையில எடுக்கல. நீங்க வர்ற வரைக்கும் எடுக்கவும் மாட்டேன்."

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. தெருவுக்கே கேட்டிருக்கும்.

குணாவைத் திட்டினேன். அக்காவைத் திட்டினேன். திட்டிக்கொண்டே லாரிச் சாவியைத் தேடினேன்.